ஜான் கான்ஸ்டபிளை நினைத்து: குடும்பம் அவரைப் பின்னுக்கு இழுத்ததா, ஓவியராக்கியதா?

ஆற்றங்கரை:

1837 மார்ச் 31 அன்று பகலில் ஜான் கான்ஸ்டபிள் அருண்டெல் ஆலையும் கோட்டையும் வரும் படத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். மாலையில் நலிந்த ஓவியர்களுக்கு உதவும் சங்கத்தின் காரியமாக வெளியே நடந்துபோய் வந்தார். அன்றிரவே லண்டன் சார்லட் தெரு வீட்டில் காலமானார். வயது 60. ஏழு பிள்ளைகள். அவர்களுடைய அம்மா எட்டு வருஷம் முன்பே போய்விட்டார்.

இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியம் என்றால் டர்னர், கான்ஸ்டபிள் என்று இரண்டு பேரையும் சேர்த்தே சொல்கிறோம். ஆனால் டர்னர் 1802-இல், 26 வயதில், லண்டனில் ஓவியர்களின் பெரிய சங்கமான ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆகிவிட்டார். கான்ஸ்டபிளுக்கு அது 1829-இல், 52 வயதில், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கிடைத்தது. ஏன் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்: பெண்டாட்டி பிள்ளை என்று இருந்துவிட்டார், இங்கிலாந்தை விட்டு வெளியே கால் வைக்கவில்லை, பிறந்த ஊரையே திரும்பத் திரும்ப வரைந்தார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் சாது மனிதர், அவ்வளவுதான்.

எனக்கு இது தலைகீழான கணக்காகப் படுகிறது. வீட்டையும் விசுவாசத்தையும் எடுத்துவிட்டால் கான்ஸ்டபிளிடம் வரைவதற்கு விஷயமே இருந்திருக்காது.

அவர் பிறந்தது 1776 ஜூன் 11, சஃபோக்கில் ஈஸ்ட் பெர்கோல்ட். அப்பா தானிய வியாபாரி. ஸ்டௌர் ஆற்றின் மேல் ஃப்ளாட்ஃபோர்டு, டெட்ஹாம் என்று இரண்டு ஆலைகள், சரக்கை லண்டனுக்கு அனுப்பச் சொந்தமாக ஒரு சின்னக் கப்பல். மூத்த மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. அதனால் தொழில் இரண்டாவது மகன் ஜானுக்கு என்று இருந்தது. ஜான் ஆலையில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்தார். அப்புறம் அப்பா இறங்கிவந்து, 1799-இல் அகாடமி பள்ளிக்கு விட்டார். ஆலை தம்பி ஆப்ரம் கைக்குப் போனது. அந்த ஆப்ரம் பின்னாளில் அண்ணன் படங்களைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எந்த விமர்சகரும் சொன்னதில்லை என்பேன்: ஜான் வரைந்த ஆலையைப் பார்த்தால் அது சுற்றும் என்று தெரிகிறது, மற்றவர்கள் வரைந்த ஆலைகள் எப்போதும் அப்படி இருப்பதில்லை.

1821-இல் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் கான்ஸ்டபிளே இதை அவிழ்த்துச் சொல்கிறார். ஆலை அணையிலிருந்து தண்ணீர் வழியும் சத்தம், வில்லோ மரங்கள், உளுத்துப்போன பலகைகள், வழவழவென்று பாசி ஏறிய கம்பங்கள், செங்கல் கட்டு, இதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்கிறார். கவலையறியாத சிறுவயது முழுக்க ஸ்டௌர் கரையோடு சேர்ந்தது, அந்தக் காட்சிகள்தான் என்னை ஓவியனாக்கின, அதற்கு நன்றியோடு இருக்கிறேன் என்கிறார். உளுத்த பலகைக்கு நன்றி சொல்கிற ஓவியர் அந்தக் காலத்தில் வேறு யார்?

உங்கள் கருத்துகளைப் போடுங்கள். திட்டினாலும் சரி.


மரகதம்:

நல்ல தொடக்கம் ஆற்றங்கரை சார். ஆனால் மரியாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! நான் போடுகிறேன்.

மரியா பிக்னெல் அவரைவிட 12 வயது இளையவர். 1809-இல் காதல். மரியாவின் அப்பா கடற்படைத் துறைக்கு வழக்கறிஞர். தாத்தா டாக்டர் ரட், ஈஸ்ட் பெர்கோல்ட் தேவாலயத்தின் போதகர், பணக்காரர், பிடிவாதக்காரர். ஓவியனைக் கட்டினால் உயிலில் பேர் இருக்காது என்று மிரட்டல். இப்படியே ஏழு வருஷம் கடிதத்திலேயே போனது. 1815-இல் கான்ஸ்டபிளின் அம்மாவும், 1816 மே மாதம் அப்பாவும் இறந்தார்கள். அப்பாவின் சொத்தில் பங்கு வந்த பிறகுதான் குடித்தனம் நடத்தலாம் என்ற தைரியமே வந்தது.

இனிமேல்தான் கூத்து. ஃபிஷர் ஒரு போதகர். அவர் கடிதம் போடுகிறார்: செவ்வாய்க்கிழமை மாலை லண்டன் வருகிறேன், புதன்கிழமை உங்களுக்குத் திருமணம் செய்துவைக்கத் தயாராக இருப்பேன். மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? ஃப்ளாட்ஃபோர்டு ஆலைப் படம் பாதியில் நிற்கிறது, கொஞ்சம் தள்ளிவைக்கலாமா என்று மரியாவுக்கு எழுதினார். ஏழு வருஷம் காத்திருந்த பெண்ணிடம்! மரியாவுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. கடைசியில் 1816 அக்டோபர் 2 அன்று லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தில் ஃபிஷர் நடத்திவைத்தார். தேனிலவும் ஃபிஷர் தம்பதியரின் வீட்டில்தான், டோர்செட் கடற்கரைப் பக்கம் ஆஸ்மிங்டனில். அங்கேயும் தூரிகை கையில். வேமத் வளைகுடாப் படங்களுக்கு விதை அங்கே விழுந்தது.

தாத்தா 1819-இல் இறந்தார். உயிலில் மரியாவுக்கு 4,000 பவுண்டு இருந்தது. இத்தனை வருஷம் மிரட்டியதெல்லாம் எதற்கு என்று கேட்க ஆளில்லை.


உப்புக்காகிதம்:

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கு முன் நான் கொஞ்சம் சொறிந்துவிட்டுப் போகிறேன். பெயருக்கேற்ற வேலை.

கான்ஸ்டபிள் அப்பா காசில் படித்தார், அப்பா சொத்தில் கல்யாணம் செய்தார், 1828-இல் மாமனார் விட்டுப்போன 20,000 பவுண்டில் நிமிர்ந்தார். "குடும்பப் பாசம்" என்று இதையும் கணக்கில் எழுதுங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். 1822-இல் சஃபோக் எரிந்துகொண்டிருந்தது. கூலி இல்லாத விவசாயத் தொழிலாளர்கள் வைக்கோல் போருக்கும் களஞ்சியத்துக்கும் தீ வைத்தார்கள். பக்கத்திலோ தூரத்திலோ நெருப்பு தெரியாத ராத்திரியே இல்லை என்று ஆப்ரம் ஊரிலிருந்து எழுதுகிறார். கான்ஸ்டபிள் அதைப் படித்து, ஃபிஷருக்கும் எழுதிச் சொல்கிறார். அதாவது தெரியும். தெரிந்தும் அவர் படத்தில் தொழிலாளி எங்கே? தூரத்தில், கட்டைவிரல் உயரத்தில், வெள்ளைச் சட்டையில் ஒரு புள்ளி. 'வைக்கோல் வண்டி'யின் பின்னணியில் புல்லறுக்கிறவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். படத்துக்குள் அழகு சேர்க்க வந்தவர்கள், அவ்வளவுதான்.

1831-இல் இன்னும் பலருக்கு ஓட்டுரிமை கொடுக்கும் சீர்திருத்த மசோதா வந்தபோது, ஆட்சியைக் கழிசடைகளிடமும் பிசாசின் ஆட்களிடமும் கொடுக்கிறார்கள் என்று கொதித்தவர் இவர். விசுவாசம் விசுவாசம் என்கிறீர்களே, அது எந்தப் பக்கம் நின்றது என்றும் பார்க்க வேண்டாமா?


ஆற்றங்கரை:

உப்புக்காகிதம், தீ வைப்பு விஷயத்தை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நானே சொல்லியிருப்பேன். அதே கடிதத்தில் இன்னொன்றும் உண்டு. ஊர்ப் போதகரும் அவர் சகோதரரான பண்ணையாரும் ஊரை விட்டுவிட்டார்கள், தசமபாகமோ (திருச்சபைக்குக் கட்டும் பத்திலொரு பங்கு) குத்தகையோ குறையவில்லை என்று கான்ஸ்டபிள் குறைப்படுகிறார். அவர் அரசியல் படுபிற்போக்குதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த மனிதர் நேசித்த ஒழுங்கில் பண்ணையாரும் போதகரும் தங்கள் கடமையைச் செய்வார்கள். நிஜத்தில் செய்யவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் புள்ளி என்றது சரியில்லை. 'வெள்ளைக் குதிரை' படத்தில் படகில் குதிரையை அக்கரைக்கு ஏற்றிப்போகிற ஆட்களைப் பாருங்கள். கரைப்பாதை மறுகரைக்கு மாறும் இடத்தில், படகை இழுக்கும் குதிரையையும் படகிலேயே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 'பாயும் குதிரை'யில் குதிரை தாண்டுவது கரைப்பாதையில் மாடு போய்விடாமல் குறுக்கே போட்ட தடுப்பை. அதைத் தாண்ட அந்த ஊர்க் குதிரைகளைப் பழக்கியிருந்தார்கள். தொழில் தெரிந்த வீட்டில் வளர்ந்த பையன் பார்த்த பார்வை இது. முகம் பெரிதாக இல்லை, உண்மை. வேலை சரியாக இருக்கிறது.


கரித்துண்டு:

அரசியலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் வானத்துக்குப் போகிறேன். :)

1819-இலிருந்து மரியாவின் உடம்புக்காகக் கோடையில் ஹாம்ஸ்டெட்டில் வீடு எடுத்தார்கள். லண்டன் புகைக்கு மேலே இருக்கிற மேடு, நல்ல காற்று. வீட்டுக்காரிக்காகப் போன இடத்தில் ஓவியருக்கு வானம் கிடைத்தது. 1821, 1822 இரண்டு வருஷமும் அவர் அங்கே மேகம் மேகமாகத் தீட்டித் தள்ளினார். 1822 அக்டோபரில் ஃபிஷருக்கு எழுதும்போது, ஓரளவு பெரிய அளவில் ஐம்பது வானப் படங்கள் செய்திருக்கிறேன் என்கிறார். அவற்றின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றில் இப்படி: 1822 செப்டம்பர் 5, நண்பகல், தென்கிழக்கு நோக்கி, காற்று பலம், மேகங்கள் மிக வேகமாக ஓடுகின்றன, இடையிடையே நீலம் பளிச்சென்று திறக்கிறது. தேதி, நேரம், திசை, காற்று. வானிலை ஆய்வாளர்கள் இன்றும் இந்தப் படங்களை எடுத்துப்போட்டு ஆராய்வதற்கு இந்தக் குறிப்புகள்தான் காரணம்.

தைலவண்ணத்தில் மேகம் பிடிப்பது லேசு இல்லை. முதலில் போட்டது காயாது, மேலே அடுத்ததைப் போட்டால் கலங்கிச் சேறாகிவிடும். அவர் காகிதத்தில் செய்தார். ஈர வண்ணத்தின் மேலேயே கனமான வெள்ளையை ஒரே இழுப்பில் வைத்துவிட்டு, அப்புறம் தொடவில்லை. அடுத்த மேகத்துக்கு அடுத்த காகிதம். கிட்டப்போய்ப் பார்த்தால் தூரிகை மயிரின் வரிகள் அப்படியே நிற்கும்.

பெரிய படங்களுக்கு வேறு மாதிரி. 1819-இல் 'வெள்ளைக் குதிரை'யில் தொடங்கி, ஆறடி அகலப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் அதே ஆறடி அளவில் இன்னொரு கேன்வாஸில் முழு முன்வரைவு! யாரும் வாங்கப்போவதில்லை, காட்சிக்கும் வைக்கப்போவதில்லை. தனக்காக ஒரு முழு கேன்வாஸ். அந்த முன்வரைவுகளில் அவர் வண்ணக்கத்தியை வைத்து அப்பியிருக்கிற வேகம் முடித்த படத்தில் கொஞ்சம் அடங்கிவிடும். 'வைக்கோல் வண்டி'யை லண்டனில் உட்கார்ந்து தீட்டினார், வண்டி எப்படி இருக்கும் என்று சரிபார்க்க ஊரிலிருந்து ஜானி டன்தார்னிடம் படம் வரைந்து அனுப்பச் சொன்னார். ஜானியின் அப்பா ஊரில் கண்ணாடியும் ஈயக்குழாயும் போடுகிறவர், கான்ஸ்டபிளுக்கு முதல் வெளிப்புற ஓவியத் தோழர்.

அந்த 'வைக்கோல் வண்டி' 1821-இல் லண்டனில் விற்கவில்லை. 1824-இல் பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனுக்குப் போய் மன்னர் பத்தாம் சார்லஸின் தங்கப்பதக்கம் வாங்கியது. பதக்கம் வாங்க இவர் பாரிஸ் போகவில்லை!


உப்புக்காகிதம்:

போகாததைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, கரித்துண்டு.


கரித்துண்டு:

பெருமை இல்லை, தகவல். அந்த வருஷம் மரியா பிரைட்டனில் படுத்திருந்தார். லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் அலைந்துகொண்டிருந்தவர் பாரிஸுக்கு எங்கே போவது? இத்தனைக்கும் பிரைட்டன் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. கடலோரத்துக்குக் கொண்டுவந்து வைத்த பிக்கடில்லி (லண்டனின் பரபரப்பான தெரு) என்று சலித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கடற்கரையில் அவர் செய்த சின்னச் சின்ன மழைப் படங்கள் இருக்கின்றனவே, கருமேகத்திலிருந்து மழை கடலில் செங்குத்தாகக் கொட்டுவது, அவை ராயல் அகாடமி சுவரில் தொங்கிய பாதிப் படங்களை விழுங்கிவிடும்.


ஒலிவக்கிளை:

விசுவாசம் பற்றி யாரும் நேராகப் பேசவில்லை. சிலர் அதை ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமாக மட்டும் பார்க்கிறார்கள்.

கான்ஸ்டபிள் தேவாலயப் பலிபீடத்துக்கு மூன்று படம் செய்தார். பிராந்தம் ஊருக்கு 1805-இல் இயேசு குழந்தைகளை ஆசீர்வதிப்பது, நேலண்ட் ஊருக்கு 1810-இல் இயேசு அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதிப்பது, மானிங்ட்ரீக்கு 1822-இல் உயிர்த்தெழுந்த கிறிஸ்து. வெளிப்படையாகச் சொன்னால் மூன்றும் சுமார். பக்தி இருக்கிறது, படம் இல்லை. சாயலெல்லாம் அந்தக் காலத்து மற்ற ஓவியர்களிடம் வாங்கியது.

ஆனால் 1819 மே மாதம் ஈஸ்ட் பெர்கோல்டிலிருந்து மரியாவுக்கு எழுதிய கடிதத்தைப் படியுங்கள். எல்லா மரமும் ஏதோ ஒரு பூவால் நிறைந்திருக்கிறது, தரையே உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது, எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும், கண் போகிற ஒவ்வொரு பொருளிலும், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வேதவசனம் என்னைச் சுற்றி மெய்யாவதுபோல் தோன்றுகிறது என்கிறார். அடக்க ஆராதனையில் வாசிக்கிற வசனம் அது. அதை அவர் மே மாதப் புல்லில் பார்க்கிறார்! மானிங்ட்ரீக்கு அவர் செய்த உயிர்த்தெழுதலைவிட, டெட்ஹாம் பள்ளத்தாக்கில் ஈரம் மினுங்குகிற இலைதான் அவருடைய நிஜமான பலிபீடப் படம் என்று நான் நினைக்கிறேன்.

டெட்ஹாம் தேவாலயத்தின் கோபுரத்தையும் கவனியுங்கள். படத்துக்குப் படம் எங்கோ தூரத்தில் எட்டிப்பார்க்கும். தேவைப்பட்டால் இருக்கும் இடத்திலிருந்து தள்ளியும் வைத்துக்கொள்வார். 'தானிய வயல்' படத்தில் தெரிகிற தேவாலயம் அந்த இடத்தில் கிடையவே கிடையாது. ஆலையின் சக்கரம் சுற்றுமா என்று பார்க்கிற மனிதர், கோபுரத்தை மட்டும் மனம்போல வைக்கிறார் என்றால் அதற்கு அர்த்தம் இருக்கிறது.


உப்புக்காகிதம்:

பலிபீடப் படங்கள் சுமார் என்று ஒலிவக்கிளையே ஒத்துக்கொண்டது நல்லது. கோபுரத்தை நகர்த்துவது எல்லா நிலக்காட்சி ஓவியரும் செய்கிற வேலை, படத்தின் கட்டமைப்புக்கு ஒரு நேர்க்கோடு வேண்டும். அதற்குள் இறையியலைத் திணிக்க வேண்டாம். ஆனால் அந்த மே மாதக் கடிதம்... சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை.


மரகதம்:

1828-க்கு வருகிறேன். உப்புக்காகிதம் 20,000 பவுண்டைச் சொன்னார், பாதியில் விட்டுவிட்டார்.

மாமனார் இறந்ததும் கான்ஸ்டபிள் எழுதினார்: இதை மனைவி பேரிலும் பிள்ளைகள் பேரிலும் எழுதிவைத்துவிடுவேன், இனி ஆறடி கேன்வாஸ் முன்னால் நிம்மதியான மனத்தோடு நிற்பேன், கடவுளுக்கு நன்றி. ஜனவரியில்தான் ஏழாவது குழந்தை லயோனல் பிறந்திருந்தான். அதே வருஷம் நவம்பர் 23 அன்று காசநோயில் மரியா இறந்தார். வயது 40. நிம்மதி ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

அண்ணன் கோல்டிங்குக்கு எழுதிய கடிதத்தில், ஒவ்வொரு மணி நேரமும் என் தேவதையின் இழப்பை உணர்கிறேன், என் பிள்ளைகள் எப்படி வளர்வார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும், உலகத்தின் முகமே எனக்கு மாறிவிட்டது என்கிறார். அப்புறம் சாகும்வரை கறுப்பு உடைதான்.

மறுவருஷம் பிப்ரவரியில் முழு உறுப்பினர் பதவி. அகாடமித் தலைவர் லாரன்ஸைச் சம்பிரதாயத்துக்குப் பார்க்கப் போனால், வரலாற்று ஓவியர்கள் எத்தனையோ பேர் பட்டியலில் இருக்கும்போது உங்களைத் தேர்ந்தெடுத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்ற மாதிரி பேசி அனுப்பினார். நிலக்காட்சி என்றால் அத்தனை இளப்பம். கான்ஸ்டபிள் தன் நண்பர் லெஸ்லியிடம் சொன்னது வேறு: நான் தனியாளாகி, யாரோடும் பங்குபோட முடியாதபோது இது வந்திருக்கிறது. குடும்பம் அவரைத் தாமதப்படுத்தியதா என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதாதா? தாமதித்தது அகாடமி. காட்டுவதற்கு வீட்டில் ஆள் இல்லாமல் போனதுதான் அவருக்கு வலித்தது.


ஆற்றங்கரை:

மரகதம் அக்கா, இதோடு 'ஹாட்லி கோட்டை'யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1814-இல் தேம்ஸ் முகத்துவாரத்தில் அந்த இடிந்த கோட்டையைப் பார்த்து பென்சிலில் குறித்துவைத்தார். 14 வருஷம் அந்தக் குறிப்பு சும்மா கிடந்தது. மரியா போன பிறகு எடுத்தார். 1829-இல் காட்சிக்கு வைத்தார். முன்வரைவு இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில், முடித்த படம் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில். மேலிருந்து கீழ்வரை பிளந்து நிற்கிற கோபுரம், அலறுகிற வானம், கண்ணுக்கெட்டும் வரை வெறும் கடல்மட்டம். வண்ணத்தை வெட்டி வெட்டிப் போட்டிருக்கிறார். அதுவரை அவர் படத்தில் ஏதாவது ஒரு வீட்டுப் புகைபோக்கி இருக்கும். இதில் ஒதுங்க ஒரு கூரைகூடக் கிடையாது.


கரித்துண்டு:

வண்ணத்தை வெட்டிப் போட்டார் என்றதும் ஞாபகம் வருகிறது. கடைசிப் பத்து வருஷப் படங்களில் இலைமேல், தண்ணீர்மேல், எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பொட்டுகள். ஈரம் பட்ட வெளிச்சத்தைக் காட்ட அவர் கண்டுபிடித்த வழி. "கான்ஸ்டபிளின் வெண்பனி" என்று கேலி செய்தார்கள். சுண்ணாம்பு தெளித்ததுபோல் இருக்கிறதாம். ஐம்பது வருஷம் கழித்து பிரான்சின் ஓவிய உலகில் இதே சமாசாரம் பெரிய புரட்சியானது!


புதுவரவு77:

வணக்கம். நான் கான்ஸ்டபிள் என்றால் பிஸ்கட் டப்பா மேல் வரும் படம் என்று நினைத்தவன். இந்த இழையைப் படித்ததும் பார்வை மாறிவிட்டது. ஒரு சந்தேகம்: பிள்ளைகள் என்ன ஆனார்கள்? ஏழு பேரையும் தனியாக வளர்த்தாரா?


மரகதம்:

வாங்க புதுவரவு. வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள், மூத்த மகள் மின்னா சின்ன வயதிலேயே வீட்டுப் பொறுப்பு எடுத்துக்கொண்டாள். ஆனாலும் அப்பா கூடவே இருந்தார். பட்டறை வீட்டுக்குள்ளேயே. ஒருமுறை ஒரு பிள்ளை துடைப்பக் கட்டையால் ஒரு படத்தில் ஓட்டையே போட்டுவிட்டதாம். அடிக்கவில்லை, கத்தவில்லை. அடடா என் செல்லமே, நாம் என்ன செய்துவிட்டோம் பார், இதை எப்படிச் சரிசெய்வது, எனக்குத் தெரியவில்லையே, உனக்குத் தெரியுமா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. "நாம்" என்றாராம். அந்தக் காலத்து அப்பாவா இவர்!

இரண்டாவது மகன் சார்லஸ் கோல்டிங்குக்குக் கடல் பைத்தியம். 1835-இல் இந்தியா போகும் கப்பலில் ஏறினான், பின்னாளில் இந்தியக் கடற்படையில் பாரசீக வளைகுடாவை அளந்து வரைபடம் செய்தவன் அவன்தான். அப்பாவுக்கு அவனை அனுப்ப மனசே இல்லை. மூத்தவன் ஜான் சார்லஸ் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோதே 1841-இல் இறந்தான்.

எனக்குப் பிடித்தவர் இசபெல். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு விற்காமல் வீட்டில் நின்றுபோன படங்களையெல்லாம் பத்திரமாக வைத்திருந்து, 1888-இல் இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 95 எண்ணெய் ஓவியங்கள், 297 கோட்டோவியமும் நீர்வண்ணமும், மூன்று குறிப்பேடுகள். கரித்துண்டு மேலே சிலாகித்தாரே, அப்படிப்பட்ட சின்ன வானப் படங்கள் பலவும் அதில் உண்டு. கடைக்காரர் கைக்குப் போயிருந்தால் திசைக்கு ஒன்றாகச் சிதறியிருக்கும். குடும்பம் குறுக்கே நின்றது என்கிறவர்கள் இசபெலையும் கணக்கில் எடுங்கள்.


உப்புக்காகிதம்:

இசபெல் கணக்கு எனக்குச் சம்மதம். புதிய தகவல், நன்றி அக்கா.

ஆனால் ஒலிவக்கிளைக்கு ஒன்று. சால்ஸ்பரி பேராலயப் படங்களில் விசுவாசமும் அரசியலும் ஒரே கயிறாக முறுக்கிக்கொள்கின்றன, பிரிக்க முடியாது. ஃபிஷரின் பெரியப்பா சால்ஸ்பரி பிஷப். அவர் கேட்டு 1823-இல் செய்த படத்தில் மூலையில் பிஷப் கைத்தடியை நீட்டிக் கோபுரத்தை மனைவிக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பிஷப்புக்கு எல்லாம் பிடித்தது, வானத்தில் கருமேகம் மட்டும் பிடிக்கவில்லை. கான்ஸ்டபிள் அந்தக் கருமேகத்தை விட்டால் தேவலை என்றாராம். வாடிக்கையாளர் வெயில் கேட்கிறார், ஓவியர் மேகம் கொடுக்கிறார். இந்த இடத்தில் மட்டும் நான் ஓவியர் கட்சி.

1829-இல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்ற உரிமை வந்தது, அடுத்து சீர்திருத்தப் பேச்சு. இங்கிலாந்து திருச்சபைக்கு ஆபத்து என்று ஃபிஷரும் கான்ஸ்டபிளும் பயந்தார்கள். அந்த வருஷம் ஃபிஷரே எழுதுகிறார்: மேகத்தின் கீழ் தேவாலயம், இதுதான் நீங்கள் எடுக்கவேண்டிய விஷயம். 1831-இல் வந்த பெரிய சால்ஸ்பரி படம் அதுதான். கூரைக்கு மேல் மின்னல், இடி மேகம், அப்புறம் வானவில். அதைத் தன் கட்சிக்கு வரைந்த பிரசார ஓவியம் என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.


ஒலிவக்கிளை:

பிரசாரம் என்றால் அதைச் சாகும்வரை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பானேன்? விற்கவில்லை. மறுபடி மறுபடி கை வைத்தார்.

அந்த வானவில் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். லெடன்ஹால் என்ற வீட்டின் மேல். அது ஃபிஷரின் வீடு. மரியா போய்ச் சில மாதம் கழிந்த 1829 கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபிஷரிடம்தான் போய்த் தங்கினார். திருச்சபைக் கவலை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம்பிக்கை இறங்குகிற இடம் பேராலயக் கோபுரம் இல்லை, நண்பனின் வீட்டுக் கூரை. அந்த ஃபிஷரும் 1832 ஆகஸ்டில் இறந்துவிட்டார். அதே வருஷம் ஜானி டன்தார்னும். அதற்கப்புறம்தான் கான்ஸ்டபிள் வானவில் எப்படி உண்டாகிறது என்று கோணம் போட்டு வரைபடம் வரைந்து ஆராய்ந்தார். ஆறுதலை வரைந்துவிட்டு, அதன் கணக்கைப் பிறகு சரிபார்க்கிற மனிதர்!


புதுவரவு77:

அந்த சால்ஸ்பரி படத்தை எங்கே பார்க்கலாம்? எதிலிருந்து தொடங்குவது?


ஆற்றங்கரை:

2013-இல் 2 கோடியே 31 லட்சம் பவுண்டுக்கு டேட் வாங்கியது. கூட்டு முயற்சியாக வாங்கியதால் மற்ற ஊர் அருங்காட்சியகங்களுக்கும் போய்வரும். 'வைக்கோல் வண்டி'யும் 'தானிய வயல்'லும் லண்டன் நேஷனல் கேலரியில். 'தானிய வயல்'லை அவர் இறந்த வருஷமே நண்பர்களும் ரசிகர்களும் பணம் திரட்டி வாங்கிக் கொடுத்தார்கள். 'வெள்ளைக் குதிரை' நியூயார்க் ஃப்ரிக் அருங்காட்சியகத்தில். 'பாயும் குதிரை' ராயல் அகாடமியிடமே இருக்கிறது, அவரை அத்தனை வருஷம் காக்கவைத்த அதே அகாடமி.

தொடங்குவதற்கு நான் சொல்வது: நேஷனல் கேலரியில் 'வைக்கோல் வண்டி'யைப் பாருங்கள், அன்றைக்கே விக்டோரியா ஆல்பர்ட் போய் அதன் முழு அளவு முன்வரைவைப் பாருங்கள். கரித்துண்டு சொன்ன வண்ணக்கத்தி வேகம் அங்கே தெரியும். பிறகு இசபெல் கொடுத்த சின்னப் படங்கள் பக்கம் போங்கள். பிஸ்கட் டப்பா மறந்துவிடும்.

நேரம் இருந்தால் ஹாம்ஸ்டெட் செயின்ட் ஜான் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டம். இரும்புக் கம்பி வேலிக்குள் மரியாவும் அவரும் ஒரே கல்லறையில். மரியா இறந்தபோது அவர் செதுக்கச் சொன்ன லத்தீன் வரிகள் அதில் உண்டு: ஐயோ, வாழ்வில் நமக்கு மிகவும் இனிப்பதெல்லாம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது!


உப்புக்காகிதம்:

ஆற்றங்கரை, தலைப்பில் நீங்கள் கேட்ட கேள்விக்கு என் ஓட்டு: உருவாக்கியது. இசபெலுக்காகவும் அந்த மே மாதக் கடிதத்துக்காகவும். தொழிலாளி விஷயத்தில் என் புகார் அப்படியே நிற்கிறது, 1822 தீ வைப்பையும் அந்த வருஷத்து ஸ்டௌர் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு தனி இழை தொடங்கப்போகிறேன். கரித்துண்டு, வானத்தோடு ஓடிவிடாமல் அங்கேயும் வாருங்கள்.